அண்ணியின் வெள்ளை

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணனும் நானும் சுகம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கண்ணாடிப் பலகையைத் தனியாகத் தூக்காதே என்று போன தடவையே சொன்னேன். நீ தூக்கியிருப்பாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதத்தில்தான் என் முறை வருகிறது. தவிர, இதோடு ஒரு படமும் அனுப்ப வேண்டியிருக்கிறது. நான் வரைந்த படம். சிரிக்காமல் மேலே படி.

கழுத்து வலிக்கு டாக்டரிடம் போயிருந்தேன். "நாள் முழுக்க எதப் பார்த்துட்டு இருப்பீங்க?" என்று கேட்டார். "பல்லு" என்றேன். டென்டல் லேப்பில் இருபது வருடத்துக்கு மேல் பொய்ப்பல் செய்பவள் வேறு எதைப் பார்ப்பேன்? "வாரத்துல ஒரு நாளாவது ஒரு முழத்துக்கு அந்தாண்ட இருக்கிற எதையாவது பாருங்க" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஸ்டேஷனரி கடைக்கு மேலே மாடியில் நடக்கிறது. மாஸ்டருக்கு வயது முப்பத்தெட்டுதான். என்னை அக்கா என்கிறார். பெயர் பெற்ற ஆள். மூடுபனி, ஆறு, படகுகள், கரையில் ஒரு வெள்ளைச் சுவர் வீடு. அவர் படத்தை நீயே பார்த்திருப்பாய்.

வாட்டர்கலரில் வெள்ளை என்று ஒரு வண்ணம் கிடையாது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் இன்னும் வானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் மாஸ்டரின் படகை அப்படியே இறக்கிவிட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கையில கண்ணாடி ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது.

உன் கடையிலேயே படத்துக்கு நல்ல சட்டமாகப் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

இடுப்பு அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை. உங்கள் கழுத்து தேவலையா? அண்ணன் இன்னும் லிஃப்டுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் பழுது பார்க்கிறாரா? நாற்பது தாண்டிய ஒருத்தியை வாலு என்று எழுத உங்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. இருந்தாலும் மாற்றிவிடாதீர்கள்.

படம் வந்தது. கறுப்புச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினேன். அன்றைக்கே ஒரு வாடிக்கையாளர் நின்று பார்த்துவிட்டு, "அந்த மாஸ்டர் படம்தானே? எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார். எங்கள் அண்ணி போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ சொல்லவில்லை.

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். படம் பிரமாதம். ஆனால் அதில் உங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். கடை ஷட்டரில் மோதி உடைந்த என் முன்பல்லை நீங்கள்தான் செய்து மாட்டினீர்கள். எது உங்கள் பல், எது என் பல் என்று இன்றைக்கும் எனக்கே குழப்பம். பல்லில் அது சரி. படத்திலும் இப்படி ஒளிந்துகொண்டால் எப்படி?

மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன். நாத்தனார் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

கழுத்து பரவாயில்லை. உன் அண்ணனுக்கு மட்டும் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இதை எட்டிப் பார்க்கிறார்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு மணி நேரம் கோபம். பிறகு, நாமும் நமக்கென்று ஒரு பாணியைப் பிடித்துவிடுவோம் என்று கிளம்பினேன். அந்தக் கூத்தைக் கேள். முதல் வாரம் எல்லாவற்றையும் சிவப்பாகப் போட்டேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?" என்றார். அடுத்த வாரம் பிரஷை விட்டுவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தெளித்தேன். சுவரைத் துடைக்க மூன்று நாள் ஆயிற்று. பிறகு இடது கையால் ஒரு மரம் போட்டேன். "இந்தக் கோழி நல்லா இருக்கு" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். பாணி என்பது கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற சட்டை இல்லை போலிருக்கிறது.

இப்போதெல்லாம் சாயங்காலங்களிலும் வகுப்புக்குப் போகிறேன். மாஸ்டருக்குக் கொஞ்சம் உதவி. உங்கள் ஊரில் புதிதாகக் கட்டுகிற ஹோட்டலுக்கு முப்பது படம் தருகிறார். சட்டம் போட நல்ல கடை வேண்டும் என்றார்; உன் கடையைச் சொன்னேன். ஆள் வருவார். இதுதான் சாக்கு என்று ஒற்றை ஆளாய் எல்லாவற்றையும் தூக்காதே.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்குச் சளி விட்டதா? முப்பது படமும் வந்து இறங்கிவிட்டன. இப்படி ஒரு வேலை என் கடைக்கு வந்ததே இல்லை. உங்கள் வாயால் சொன்ன சொல்லுக்கு உங்களை உட்கார வைத்துக் காப்பி போட்டுத் தர வேண்டும்.

கடை முழுக்க மூடுபனி. மேசைமேல் படகு, பெஞ்சுமேல் படகு. சாப்பிடக்கூட இடமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். எல்லாவற்றுக்கும் வெள்ளை மவுண்ட் வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வருகிற அட்டைதான் மவுண்ட். படத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது அதுதான். ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போன கடிதத்தில் படம் எதுவும் வைக்கவில்லை. அந்தக் கோழியையாவது அனுப்பியிருக்கலாம். என்ன வரைகிறீர்கள் இப்போது?

உங்கள்
வாலு


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணனிடம் போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கா, சாயங்காலம் லேட்டா வர்றா" என்கிறார்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். முப்பது படத்திலும் மாஸ்டரின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் ஏழு படம் அவர் போட்டதில்லை. நீங்கள் போட்டவை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் மவுண்ட் வெட்டும்போது தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஹோட்டல்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஏழையும் வண்டியில் ஏற்றும்போது என் வீட்டுப் பெண்ணை வேறு யார் பெயரையோ சொல்லி அனுப்புவதுபோல இருந்தது.

ஏன் அண்ணி? உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

உங்கள்
வாலு


மே 11

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் கடிதம் எழுதி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசிக்காதே. எழுத்துப் பிழையும் பார்க்காதே. சளி எப்போதோ போய்விட்டது. நீ இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பிரஷ் எல்லாவற்றையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி பீரோ மேலே வைத்துவிட்டாள். வகுப்புக்கும் போகவில்லை. லேப், வீடு, சமையல். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். நான் சிவப்புப் படத்தைக் கேலி செய்தது அதிகமாகிவிட்டதோ என்று நினைத்து, "சும்மா சொன்னேன், அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "இல்லங்க, அது நல்லா இல்ல" என்றாள்.

நீ என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நான் பிழைத்ததில்லை. எனக்குத் தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான். நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவை இடிப்பார்கள். இடித்தால் இன்னும் இறுகும். வெளியே நிற்கிற ஆள் குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், "இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று. நீயும் அப்படிக் குரல் கொடுத்துக்கொண்டிரு. கேள்வி எதுவும் கேட்காதே.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள வாலுவுக்கு,

வாரத்துக்கு ஒரு தபால் அட்டை போட்டாய். ஒன்றில் மழை, ஒன்றில் கடைக்கு வந்த பூனை, ஒன்றில் வெறுமனே "இருக்கேன் அண்ணி". எல்லாம் வந்தது. உன் இடுப்பைப் பற்றி ஒன்றிலும் எழுதவில்லை, அதையும் கவனித்தேன். நாங்கள் சுகம்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஹோட்டலுக்குப் படம் கொடுக்க வேண்டிய நாள் மாஸ்டருக்கு நெருங்கிவிட்டது. "அக்கா, கொஞ்சம் கை கொடுக்கறீங்களா?" என்றார். வானம் போட்டேன், பிறகு தண்ணீர், பிறகு ஒரு முழுப் படம். அவர் படத்தின் பக்கத்தில் என் படத்தை வைத்து, எது எது என்று அவரே தடுமாறினார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? லேப்பில் நான் செய்த பல்லோடு எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டு போகிறார்கள். எந்தப் பல்லில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? தெரியாமல் இருந்தால்தான் வேலை சுத்தம். அந்தக் கணக்கில்தான் இதையும் பார்த்தேன். அவர் மூலையில் கையெழுத்துப் போட்டபோதும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. உன் கடையைச் சொன்னதுகூட எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். உங்கள் ஊரில் வேறு கடையா இல்லை?

ஒன்று மட்டும் சொல். ஏழு என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? சரியாக ஏழுதான். லேப்பிலிருந்து லென்ஸ் கொண்டுபோய் வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் கொடுத்தேன். அவருக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது? எங்கே தப்பு செய்தேன்?

அன்புடன்,
அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்து படித்தேன். இடுப்புக்கு பெல்ட் போட்டிருக்கிறேன். பெட்டி கட்டின பார்சல் மாதிரி நடமாடுகிறேன். போதுமா?

தப்பு ஒன்றும் இல்லை. சொல்கிறேன், கேளுங்கள். மாஸ்டர் படத்தில் அந்த வீட்டுச் சுவர் வெறும் காகிதம். அவர் வெள்ளையைத் தொடுவதே இல்லை. வெள்ளை மவுண்ட் வைத்தால் சுவரும் மவுண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும், அழகாக இருக்கும். ஏழு படத்தில் மட்டும் ஒட்டவில்லை. மவுண்ட் வெளுத்துப்போன துணி மாதிரி தெரிந்தது, சுவர் உயிரோடு இருந்தது. அட்டை கோளாறு என்று வேறு அட்டை வெட்டினேன். அதுவும் ஒட்டவில்லை. வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சுவரின் அடியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு லேசான மஞ்சள். மேலே போகப்போக, ஓரத்தில், நீலமும் சாம்பலும் கலந்த ஒரு சாயல். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நின்றேன். நின்று யோசித்தபோது நாக்கு தானாக முன்பல்லைத் தொட்டது.

கண்ணாடி முன்னால் போய் ஈ என்று இளித்தேன். ஈறுக்குப் பக்கத்தில் அதே மஞ்சள். நுனியில் அதே நீலச் சாம்பல். அன்றைக்குத்தான் என் வாயில் எது உங்கள் பல் என்று கண்டுபிடித்தேன். என் சொந்தப் பல்லைவிட அதுதான் அழகு.

நீங்கள் எவ்வளவு முயன்றாலும் வெள்ளையை வெறுமனே விட உங்களுக்குக் கை வராது அண்ணி. இத்தனை வருடம் வெள்ளையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஒளிந்துகொள்ளும்போதுகூட அந்த ஒரு இடத்தில் உங்கள் முந்தானை வெளியே தெரிகிறது.

பீரோவுக்கு ஸ்டூல் போட்டு ஏற அண்ணனைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஏறாதீர்கள்.

உங்கள்
வாலு


ஆகஸ்ட் 22

அன்புள்ள வாலுவுக்கு,

சுகம். கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது, இந்த முறை பல்லால் இல்லை.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் லேப்பில் மாதிரிப் பல் வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்தேன். நோயாளியின் பல்லுக்குப் பொருந்துகிற நிறம் எது என்று பார்க்க வைத்திருப்போமே, அதுதான். எல்லாமே வெள்ளை, ஒன்றுபோல இன்னொன்று இல்லை. எனக்கு அது சோறு போடுகிற வேலை. அதைத் தாண்டி அது எதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற தொட்டியைப் போட்டேன். பிறகு கழுவி வைத்த தட்டுகள். பிறகு உன் அண்ணனின் பனியன்கள், கொடியில். பனியனை வரைகிறேன் என்று தெரிந்ததும் மனுஷன், "புதுசா நாலு வாங்கிட்டு வந்து தர்றேன், அதப் போடு, மானம் போகுது" என்றார். புதுப் பனியனில் என்ன இருக்கிறது? பழசில்தான் அக்குளில் ஒரு வெள்ளை, தோளில் ஒரு வெள்ளை, நூல் நைந்த இடத்தில் அடுத்த வீட்டுச் சுவர் தெரிகிற வெள்ளை. எதையும் தேடவில்லை, கை அதன் பாட்டுக்குப் போயிற்று.

இதற்கு நடுவில் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இன்னொரு ஆர்டராம். "இனிமே உங்க பேருக்கு நான் போடறதா இல்ல மாஸ்டர்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "சொந்தமா ஒரு பாணி எல்லாம் இந்த வயசுக்கு மேல வராதுக்கா. நல்லாக் காப்பி பண்றீங்க, அதை விட்டுட்டு எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கி வந்தேன். தெருமுனை வரைக்கும் அழவில்லை. அவர் சொல்வது நிஜமோ என்னவோ. அவர் படித்தவர், பார்த்தவர்.

பனியனை அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் உண்மையைச் சொல். நீ சொல்வாய்.

அன்புடன்,
அண்ணி


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அண்ணனைக் கொடுக்கச் சொல்லுங்கள். பனியன் புகழ் கிடைத்ததற்கு அதாவது செய்யட்டும்.

படத்தைப் பிரித்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கொடியில் தொங்குகிற நாலு பழைய பனியன்கள். அதில் அண்ணன் இருக்கிறார். அவர் தோள் கொஞ்சம் வலப்பக்கம் சாயுமே, அந்தச் சாய்வுகூடத் துணியில் இருக்கிறது. அதைத் துவைத்துக் காயப்போட்ட ஆளும் இருக்கிறார். போன தடவை தேடியும் கிடைக்காத ஆள் அவர்தான். வெள்ளை மவுண்டை எடுக்கவே இல்லை. வெளிறிய சாம்பல் வைத்தேன், உட்கார்ந்துகொண்டது. படகை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டியிருக்கிறேன்.

ஒரு சேதி. ஆஸ்பத்திரிப் படங்களைக் கொடுக்க உங்கள் மாஸ்டரே வந்தார். பேசிக்கொண்டிருந்தவர் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தார். கிட்டே போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டே போனார். காப்பி ஆறிப்போயிற்று. யார் போட்டது என்று கேட்பார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "கிளம்பறேம்மா" என்று மட்டும் சொன்னார். படியில் நின்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டேன். உங்களுக்காக நான் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு


நவம்பர் 3

அன்புள்ள வாலுவுக்கு,

இருவரும் நலம். ஒத்தடம் கொடுக்கிறேன் என்று உன் அண்ணன் என் தோளைச் சுட்டுவிட்டார், அதுவும் ஆறிவிட்டது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்ததை இவரிடம் சொன்னேன். நம்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. இவர்தான் கதவைத் திறந்தார். மாஸ்டர். கையில் சுருட்டிய காகிதம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "அக்கா, ஒண்ணு காட்டணும்" என்று மேசைமேல் விரித்தார்.

நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைச் சட்டை. காலரில் மஞ்சள், மடிப்பில் நீலச் சாம்பல். ஒரு கணம் நான் எப்போது இதைப் போட்டேன் என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா நான் போட்ட மாதிரி இருக்கு."

"அதான்க்கா. பத்து நாளா உக்காந்து போட்டேன். கையெழுத்துப் போடலாம்னு பார்த்தா கை வரல."

மூலையைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

இவர் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். நல்லவேளையாகச் சர்க்கரையை மறக்கவில்லை. அப்புறம்தான் மாஸ்டர் உட்கார்ந்தார். டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "இருபத்தஞ்சு வயசுல ஒரு படகு போட்டேன்க்கா. எல்லாருக்கும் பிடிச்சுது. அன்னையிலிருந்து என்னை அந்தப் படகை விட்டு இறங்க விடமாட்டேங்கறாங்க. அன்னைக்கு வயசப் பத்திச் சொன்னது உங்களுக்குச் சொன்னது இல்ல" என்றார்.

வைத்திருந்த கோபத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அவருக்கு என் தம்பி வயதுகூட இல்லை. ஹோட்டலுக்குச் சொல்லி ஏழு படத்திலும் பெயரை மாற்றித் தரச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் படகும் பனியும் அவருடையவை. என் பெயரைப் போட்டால் நான் காப்பியடித்தவள் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

அவர் தன் சட்டைப் படத்தைச் சுருட்டிக்கொண்டபோது, "நீங்க வெள்ளையில என்ன பார்க்கறீங்க மாஸ்டர்?" என்று கேட்டேன். யோசித்தார். "ஒண்ணுமே பார்க்க மாட்டேன். அதுதான் எனக்கு நிம்மதி" என்றார். "அப்ப அதையே போடுங்க. படகு இல்லாம" என்றேன். அவர் சுருட்டின காகிதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு, முடித்துவிட்டு அப்படியே வைத்திருந்த ஒரு படத்தை எடுத்தேன். ஜன்னலோரம் தூங்குகிற உன் அண்ணனின் நரைத்த தலை. மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. கீழே வலது மூலையில் என் பெயரை எழுதினேன். லேப் ரசீதில் தவிர வேறு எங்கேயும் நான் எழுதாத பெயர். இரண்டாவது எழுத்து கோணிக்கொண்டது. இவர் எட்டிப் பார்த்து, "அழிச்சுட்டுத் திரும்ப எழுதேன்" என்றார். வாட்டர்கலரில் அழிக்க முடியாது என்றேன். அழிக்க எனக்கு மனமும் இல்லை.

இத்துடன் அனுப்புகிறேன். மவுண்ட் வெட்டும்போது பெயர் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி